சுமைதாங்கிக் கல்



பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் இருக்கும். பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேல் ஒரு பலகைக் கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். அது தோள் உயரம் இருக்கும். தலையில் சுமையோடு வருகிறவர் குனிய வேண்டாம். இறக்கிவிட ஆளைக் கூப்பிட வேண்டாம். சுமையை அப்படியே கல்லின் மேல் தள்ளிவிடலாம். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கலாம். பிறகு தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நடுவது வழக்கம். அவள் இறக்க முடியாமல் போன சுமைக்காக, ஊரார் இறக்கி வைக்க ஓர் இடம். யார் யோசித்தார்களோ, நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

தலைச்சுமைக்குக் கல் இருக்கிறது. மனச்சுமையை எங்கே இறக்கி வைப்பது? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

கோலார் தங்கவயலில், மாரிக்குப்பம் பக்கம், ஒரு லயன் வீடு. அதில் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் யார் என்று தேட வேண்டாம். அவர் கற்பனைதான். ஆனால் அவருடைய கதையில் வருகிற துன்பம் எதுவும் தங்கவயலுக்குப் புதியது இல்லை.

அவருடைய கணவர் சுரங்கத் தொழிலாளி. 26 வருடம் பூமிக்கு அடியில் வேலை செய்தவர். தங்கவயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அன்று முதல் தலைமுறை தலைமுறையாக அப்படி இறங்கியவர்கள் எத்தனையோ பேர். வட ஆற்காட்டிலிருந்தும், சித்தூரிலிருந்தும், சேலத்திலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கீழே போகப் போக அனல் அடிக்கும். திடீரென்று பாறை வெடித்துச் சிதறும். அகப்பட்டவரை மீட்க நாள் கணக்கில் தோண்ட வேண்டிவரும். காலையில் தூக்குப் பாத்திரத்தோடு கணவர் கிளம்பினால், அவர் திரும்பி வரும் வரை பெண்களுக்கு வயிற்றில் நெருப்புத்தான்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அப்போது அவருக்கு வயது 46. வேறு வேலை தெரியாது. மற்றவர்களைப் போல விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போனார். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன் ஆனார். இரவு வீடு வந்து சேர மணி பத்தாகும். பாறைத் தூசி ஏற்கெனவே அவருடைய நுரையீரலில் தங்கிவிட்டது. அதை சிலிகோசிஸ் என்கிறார்கள். வருடம் போகப் போக மூச்சு இழுத்தது. 2021 மே மாதம், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, அவர் இறந்துபோனார்.

அந்தச் சாவை நினைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் நேராகச் சுடுகாட்டுக்குப் போனது. கூடப் போனவர்கள் நாலு பேர். பறை இல்லை. பந்தல் இல்லை. முகத்தை மூடியபடியே புதைத்துவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. வர முடியாது.

இதில் இன்னொன்றும் உண்டு. அந்த அம்மா ஒப்பாரி பாடுவதில் பேர் போனவர். லயனில் யார் வீட்டில் சாவு என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பாட ஆரம்பித்தால், அதுவரை அழாதவரும் அழுதுவிடுவார். ஊரார் சாவுக்கெல்லாம் பாடியவர். சொந்தக் கணவர் சாவுக்கு ஒரு வரி பாடவில்லை.

இரண்டு வருடம் ஆனது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. நெஞ்சு அடைக்கிறது. கை கால் எரிகிறது. ராத்திரி தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. மகன் டாக்டரிடம் காட்டினான். ரத்தம் பார்த்தார்கள். இதயத்துக்குப் படம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். "ஒண்ணும் இல்லேன்னா ஏம்மா இப்பிடி இருக்கே?" என்று மகன் கோபித்துக்கொண்டான். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. இப்படி இருப்பவர்களை, வேண்டுமென்றே நடிக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. துக்கம் உடம்பில் வந்து உட்காரும். அந்த வலி உண்மையான வலி.

லயனில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருவர், "புருஷன் ஆவி சுத்துது, கட்டு கட்டணும்" என்றார். இன்னொருவர், "எங்க ஜெபக் கூட்டத்துக்கு வா, எல்லாம் சரியாப்போகும்" என்றார். படித்த பையன் ஒருவன், "சாமியும் கிடையாது பூதமும் கிடையாது. மாத்திரை சாப்பிடு" என்றான். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் அந்த அம்மாவை ஒரு வார்த்தை பேசவிட்டவர் யாரும் இல்லை.

பிறகு அந்தத் தெருவுக்கு வருகிற ஆஷா அக்கா ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். அம்மா மாரியம்மனைக் கும்பிடுகிறவர். ஆஷா அக்கா தன் சாமியைப் பற்றிப் பேசவில்லை. "அம்மா, ராத்திரி தூக்கம் வராதப்போ என்ன நினைச்சுக்குவீங்க?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். வெகு நேரம் கழித்து அம்மா சொன்னார்: "அவரு மூஞ்சிய பாக்கவே இல்ல கண்ணு. நாலு வார்த்தை பாடி அனுப்பல. மாரியாத்தா என்னை கோவிச்சுக்கினா போல."

அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். அது சாமியைப் பற்றிய வார்த்தை. துக்கம் பெரும்பாலும் சாமியின் பேரைச் சொல்லிக்கொண்டுதான் வெளியே வரும். அங்கே கேட்பவர் என்ன சொல்கிறார் என்பது முக்கியம். "அதெல்லாம் மூட நம்பிக்கை" என்றால் அம்மா வாயை மூடிக்கொள்வார். அப்புறம் திறக்கவே மாட்டார். "ஆமாம், ஆத்தா கோபம்தான், பரிகாரம் செய்" என்றால் பயம் இரட்டிப்பாகும். "எங்க சாமிகிட்ட வா" என்றால், துக்கத்தில் இருப்பவரைப் பிடித்து இழுத்ததாக ஆகும்.

ஆஷா அக்கா வேறு ஒன்று கேட்டார். "மாரியாத்தாவ சின்ன வயசிலிருந்து கும்பிடுறீங்க. அவ எப்பிடிப்பட்டவ அம்மா?" அம்மா யோசித்தார். "அவளும் தாலி அறுத்தவதான், கண்ணு. அவளுக்குத் தெரியும்" என்றார். சொல்லும்போதே அழுதார். இரண்டு வருடத்தில் அன்றுதான் முதல் அழுகை.

இப்படிக் கேட்பதைத்தான் மனநல ஆலோசனை என்கிறார்கள். கவுன்சலிங் என்றும் சொல்வார்கள். புத்தி சொல்வது வேறு, இது வேறு. அவரவர் நம்பிக்கைக்கு உள்ளேயே அவரவருக்கு ஒரு தெம்பு இருக்கும். அதைத் தேட உதவுவதுதான் வேலை. தங்கவயலில் இது மிகவும் அவசியம். ஒரே தெருவில் மாரியம்மன் கோயில் உண்டு, சர்ச் உண்டு, மசூதி உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் வந்த பௌத்தர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே இருக்கிறார்கள். சாமியே வேண்டாம் என்பவர்களும் நிறையப் பேர். எல்லோருக்கும் ஒரே ஆறுதல் செல்லாது. இறந்தவர் மறுபடி பிறப்பார் என்று நம்புகிறவரிடம் பரலோகத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

சரி, பேசத் தெரிந்தவர் பேசிவிடுவார். பேச வாய் வராதவர் என்ன செய்வார்? குழந்தை என்ன செய்யும்?

இதற்கு ஒரு நல்ல உதாரணம் இலங்கையில் இருக்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்பு என்று ஓர் ஊர். தமிழர்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த கிராமங்களில் வாழும் பகுதி. இருவருக்கும் பேச்சு தமிழ்தான். உள்நாட்டுப் போர் அந்தப் பகுதியைப் பாழாக்கியது. 1990ஆம் ஆண்டில் இரண்டு பக்கமும் கொடிய படுகொலைகள் நடந்தன. அதன்பின் பக்கத்து ஊர்க்காரரைக் கண்டாலே பயம். அப்பாவை இழந்த பிள்ளைகள், வீடு எரிவதைப் பார்த்த பிள்ளைகள் ஏராளம்.

1996ஆம் ஆண்டு அங்கே ஒரு தோட்டம் திறந்தார்கள். அதற்கு வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று பெயர். கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகன் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். பால் சற்குணநாயகம் என்ற தமிழ்ப் பாதிரியார் இன்னொருவர். அவர் இயேசு சபையைச் சேர்ந்தவர். மனநல ஆலோசனை முறையாகப் படித்தவர்.

வாரத்துக்கு ஒரு நாள் பஸ் கிராமங்களுக்குப் போகும். தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வரும். ஒரு கூட்டம் பிள்ளைகள் பல மாதங்கள் தொடர்ந்து வருவார்கள். தோட்டத்தில் மரங்கள் உண்டு, வளர்ப்பு மிருகங்கள் உண்டு. களிமண், வண்ணம், காகிதம், மேளம் எல்லாம் இருக்கும். பிள்ளைகள் கதை சொல்வார்கள். பாடுவார்கள். பொம்மை செய்வார்கள். நாடகம் போடுவார்கள். பரீட்சை கிடையாது. மார்க் கிடையாது. "உனக்கு என்ன நடந்தது, சொல்" என்று யாரும் துருவிக் கேட்பது கிடையாது.

கேட்காமல் எப்படி ஆறும்? யோசித்துப் பாருங்கள். தன் அப்பாவைக் கண் முன்னால் இழந்த பிள்ளைக்கு அதைச் சொல்ல வார்த்தை இல்லை. ஆனால் கை இருக்கிறது. களிமண்ணை எடுத்து எதையோ பிடிக்கும். பிடித்ததை உடைக்கும். மறுபடி பிடிக்கும். கறுப்பு வண்ணத்தை அள்ளிப் பூசும். உள்ளே உருவம் இல்லாமல் பயமுறுத்திய ஒன்று, இப்போது வெளியே, கைக்கு அடக்கமாக, கண் முன்னால் இருக்கும். அதைப் பார்க்கலாம். தள்ளி வைக்கலாம். அதற்கு ஒரு கதை சொல்லலாம். பக்கத்தில் ஒரு பெரியவர் பொறுமையாக உட்கார்ந்திருப்பார். அவர் இருப்பதுதான் பிள்ளைக்குத் தைரியம்.

பாதிரியார் முன்னின்று நடத்திய இடம்தான். ஆனால் அது மதம் பரப்பும் இடமாக இல்லை. இந்துப் பிள்ளை இந்துவாகவே வந்தது. முஸ்லிம் பிள்ளை முஸ்லிமாகவே திரும்பிப் போனது. அப்படி இருந்ததால்தான் போர் நடுவிலும் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை நம்பி அனுப்பினார்கள். ஒரே மேளத்தை மாறி மாறி அடித்த இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு, மற்றவரும் தன்னைப் போலத்தான் என்று தெரிந்தது. பெரியவர்கள் பேசிப் பேசித் தீராத காரியம் அது.

யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல வருடம் போர் நடுவில் வேலை செய்தார். 'மனவடு' என்று தமிழில் ஒரு நூல் எழுதினார். போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் அங்கே ஏராளம். உடல் கிடைக்கவில்லை. இறந்தாரா, இருக்கிறாரா, தெரியாது. ஈமச் சடங்கு செய்ய முடியாது. அழுது முடிக்க முடியாது. அந்தத் துக்கம் ஆறுவது மிகக் கடினம். சடங்கு என்பது வெறும் வழக்கம் என்று நினைக்கிறோம். பத்துப் பேர் கூடி, இன்னார் போய்விட்டார் என்று ஒப்புக்கொண்டு, சேர்ந்து அழுவதற்கான ஏற்பாடு அது. ஒப்பாரியும் அப்படித்தான். செத்தவரைப் புகழ்ந்து பாடலாம், திட்டிப் பாடலாம், சாமியையே திட்டிப் பாடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வேறு எந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்கு அந்த உரிமை உண்டு?

மாரிக்குப்பத்து அம்மாவுக்கு அந்த உரிமைதான் கிடைக்காமல் போனது. இது ஆஷா அக்காவுக்கு மெதுவாகப் புரிந்தது. மகனைக் கூப்பிட்டுப் பேசினார். முதலில் மகன் ஒப்புக்கொள்ளவில்லை. "ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப போயி ஒப்பாரியா? ஊரு சிரிக்கும்" என்றான். "ஊரு சிரிச்சா சிரிக்கட்டும் தம்பி. உங்க அம்மா சிரிச்சு எத்தனை நாளாச்சு?" என்றார் ஆஷா அக்கா.

அடுத்த திதி வந்தது. அதை ஒரு சாவு வீட்டுக் காரியம் போலவே செய்தார்கள். போட்டோவுக்கு மாலை போட்டார்கள். அவர் சுரங்கத்துக்கு எடுத்துப் போன தூக்குப் பாத்திரத்தைத் துலக்கி முன்னால் வைத்தார்கள். லயன் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மா முதலில் பாடவில்லை. வேறொரு பெண் எடுத்துக் கொடுத்தார். பிறகு அம்மா பாடினார். ஒரு மணி நேரம் பாடினார். சுரங்கத்தைப் பாடினார். ரயிலைப் பாடினார். மூடிய முகத்தைப் பாடினார். மாரியாத்தாளையும் விடவில்லை. அன்று ராத்திரி கொஞ்சம் தூங்கினார்.

இதோடு கதை முடிந்தது என்று சொன்னால் அது பொய். ஒரு பாட்டில் எல்லா வியாதியும் தீராது. இரண்டு வாரம் நன்றாக இருந்தார். மறுபடி தூக்கம் போனது. ஒரு நாள், "நானும் அவருகிட்டயே போயிட்டா தேவல" என்று சொன்னார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆஷா அக்கா அவரைத் தனியாக விடவில்லை. "செத்துப்போகணும்னு தோணுதா அம்மா?" என்று நேராகவே கேட்டார். இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்டால் அவருடைய பாரம் குறையும். வீட்டாரிடம் சொல்லி, மறுநாளே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேலை செய்ய இரண்டு, மூன்று வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். அம்மா தயங்கினார். கோயில் விபூதியைக் காட்டி, "இத வெச்சிக்கினு மாத்திரையும் சாப்புடலாமா?" என்று கேட்டார். டாக்டர், "ரெண்டும் வெச்சுக்கோங்கம்மா" என்றார்.

டாக்டர் சொன்னது சும்மா சமாதானத்துக்கு இல்லை. 2000ஆம் ஆண்டில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் அவருடன் சேர்ந்தவர்களும் தமிழ்நாட்டில் ஒரு கோயிலுக்குப் போனார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்தில் உள்ள முத்துசாமி கோயில் அது. மனநோய் உள்ளவர்களை அங்கே கொண்டுவந்து தங்க வைப்பார்கள். கூட வீட்டார் ஒருவரும் தங்குவார். பணம் வாங்குவது கிடையாது.  காலையில் சிறு பூசை. பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்னச் சின்ன வேலைகள். அவ்வளவுதான். அங்கே தங்கிய 31 பேரை மருத்துவர்கள் வந்தபோதும் போகும்போதும் சோதித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியிருந்தார்கள். நோயின் கடுமை ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைந்திருந்தது. 2002ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மருத்துவ இதழில் இதை எழுதினார்கள். பயமில்லாத இடம், கூட இருக்கும் சொந்தம், கைக்கு ஒரு வேலை, மனதுக்குப் பிடித்த நம்பிக்கை. இவை சேர்ந்ததால் வந்த பலன் என்று அவர்கள் கருதினார்கள். அதற்காக மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்றால், மீதி நாலு பங்கு இருக்கிறது அல்லவா?

எல்லாப் புண்ணியத் தலங்களும் அந்தக் கோயிலைப் போல இருந்ததில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி தர்கா இருக்கிறது. மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் எல்லா மதத்தாரும் போகும் இடம். தர்காவைச் சுற்றித் தனியார்கள் கொட்டகை போட்டு, பணம் வாங்கிக்கொண்டு, நோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். தங்கவயலில் சுரங்கத்தை மூடிய அதே வருடம். நாடே பதறியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை எந்த வகையிலும் கூடாது என்று தடை செய்கிறது.

சங்கிலியைத் தடுக்கலாம். நம்பிக்கையைத் தடுக்க முடியுமா? தடுக்கத்தான் வேண்டுமா? குஜராத்தில், மெக்சானா மாவட்டத்தில், மீரா தாத்தார் தர்கா என்று ஒன்று. அங்கே 2008ஆம் ஆண்டு ஒரு புது முறை தொடங்கினார்கள். அதன் பெயர் தவா, துவா. தவா என்றால் மருந்து. துவா என்றால் பிரார்த்தனை. தர்காவில் ஓதுகிறவர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். நோயின் அடையாளம் தெரிந்தால் அவர்களே, "துவா நான் செய்கிறேன், தவா டாக்டரிடம் வாங்கிக்கொள்" என்று அனுப்பி வைப்பார்கள். டாக்டர் பேச்சைக் கேட்காதவரும் அவர்கள் பேச்சைக் கேட்பார். பிறகு ஏர்வாடியிலும் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். தீயில் 28 உயிர் போவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய முறை.

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போனால், எதிலும் ஆசை இல்லாமல் போனால், மருத்துவமனைக்குப் போங்கள். காதில் குரல் கேட்கிறது என்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். போக வழி இல்லை என்றால் போன் இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசுச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். காசு கிடையாது. தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம். தங்கவயல்காரர்களுக்கு இரண்டுமே தாய்மொழி மாதிரிதானே.

நம்பிக்கையின் பேரால் யாராவது அடித்தால், கட்டினால், பட்டினி போட்டால், நடக்கிற மருத்துவத்தை நிறுத்தச் சொன்னால், அந்த இடத்தை விட்டு உடனே வந்துவிடுங்கள். அது எந்தச் சாமியின் இடமாக இருந்தாலும் சரி.

மாரிக்குப்பத்து அம்மா மாத்திரை சாப்பிட்டார். மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனார். செவ்வாய்க்கிழமை கோயிலுக்கும் போனார். இன்னொரு இடத்துக்கும் போகத் தொடங்கினார். அது எழுத்தறிவு மையம். ஆஷா அக்காதான் சேர்த்துவிட்டார். வயது அறுபதைத் தாண்டிய பிறகு அ, ஆ எழுதக் கூச்சமாக இருந்தது. நடுங்கும் கையோடு எழுதினார். ஆறு மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது.

எழுதுவதற்கும் மனம் ஆறுவதற்கும் தொடர்பு உண்டு. அமெரிக்காவில் பென்னிபேக்கர் என்ற மனநூல் அறிஞர் 1986ஆம் ஆண்டு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களில் சிலரிடம், மனதை மிகவும் வருத்திய ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார். தினம் 15 நிமிடம், நாலு நாள். மற்றவர்களைச் சாதாரண விஷயத்தைப் பற்றி எழுதச் சொன்னார். மன வருத்தத்தை எழுதியவர்கள் எழுதி முடித்த உடனே இன்னும் வருத்தமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதத்தில், நடந்ததையும் அதனால் மனம் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் வைத்தியத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. பிழை இல்லாமல் எழுத வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. யாருக்கும் காட்ட வேண்டியதும் இல்லை. இது படித்த மாணவர்களிடம் செய்த சோதனை. புதிதாக எழுதக் கற்ற கைக்கும் இது உதவும் என்று நம்ப இடம் இருக்கிறது. ஆனால் துக்கம் மிகப் புதிதாக இருக்கும்போது வலிந்து எழுத வேண்டாம். எழுத எழுத மனம் மோசமானால் நிறுத்திவிட வேண்டும்.

அடுத்த திதிக்கு அம்மா பாடவில்லை. "இந்த வருஷம் எழுதறேன்" என்றார். நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து, கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வீட்டுக் கூரை ஒழுகுவதை எழுதினார். பேத்தி பத்தாவது தேறியதை எழுதினார். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினார். நான் சாப்பிடுகிறேன் என்றும் எழுதினார். ஏழெட்டு வரிதான். எழுதி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

ஆஷா அக்காவிடம் அதைக் கொடுத்து, "தப்பு இருந்தா திருத்து கண்ணு" என்றார். நாலைந்து இடத்தில் கொம்பும் காலும் மாறி இருந்தன. ஆஷா அக்கா படித்துவிட்டு, திருத்தாமல் திருப்பிக் கொடுத்தார். அம்மா தாளை நாலாக மடித்தார். தூக்குப் பாத்திரத்தைத் திறந்து, உள்ளே வைத்து, மூடினார்.